இந்தியாவில் மாநிலங்கள் 28-ஆ, 29-ஆ?

கேள்வி: ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் 29 மாநிலங்கள் என்றும், இன்னொன்றில் 28 என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

இன்றைய கணக்கு 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். 29 என்று அச்சிட்ட புத்தகம் பிழையானது அல்ல, பழையது. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்ததும் 29 ஆனது. 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் மாநிலம், ஜம்மு காஷ்மீர் என்றும் லடாக் என்றும் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததும் மறுபடி 28-க்கு இறங்கியது.

தேர்வுக்குப் படிப்பவர்களைக் கவிழ்ப்பது 29 அல்ல, 28தான். 2000 நவம்பர் முதல் 2014 ஜூன் வரையும் இதே 28தான் இருந்தது. அந்தக் காலத்துப் புத்தகத்தை எடுத்தால் எண் பொருந்திவிடும், பட்டியல் பொருந்தாது. அதில் தெலங்கானா இருக்காது. ஜம்மு காஷ்மீர் மாநிலமாகவே நிற்கும். அதனால் முதலில் யூனியன் பிரதேச எண்ணிக்கையைப் பாருங்கள். 7 என்றிருந்தால் அது 2019 அக்டோபருக்கு முந்தைய புத்தகம். 9 என்றிருந்தால் மூன்று மாதம்கூட நிலைக்காத ஒரு கணக்கு அது. 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக்கப்பட்டு 8 ஆனது. பட்டியலில் 'உத்தராஞ்சல்' என்ற பெயர் கண்ணில் பட்டால் அது 2007-க்கும் முந்தையது. அந்த ஆண்டுதான் உத்தராகண்ட் என்று பெயர் மாறியது.

மனப்பாடம் செய்வதைவிட, 1956 நவம்பர் 1-இல் தொடங்கி எண்ணிப் பழகுங்கள். அன்று மாநிலங்கள் 14. 1960-இல் பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் என்று பிரிந்தது (15). 1963-இல் நாகாலாந்து (16), 1966-இல் ஹரியானா (17), 1971-இல் இமாசலப் பிரதேசம் (18). 1972 ஜனவரி 21 அன்று மணிப்பூர், மேகாலயா, திரிபுரா மூன்றும் ஒரே நாளில் வந்தன (21). 1975-இல் சிக்கிம் (22). 1987-இல் மிசோரம், அருணாசலப் பிரதேசம், கோவா (25). 2000-இல் சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் (28). பலர் இடறுவது 1960-இல்: இரண்டு மாநிலங்கள் பிறந்தன என்று இரண்டைக் கூட்டிவிடுவார்கள். பம்பாய் மாநிலம் மறைந்ததால் கூடியது ஒன்றுதான்.

இன்னொரு குழப்பம் ஆந்திரா. சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து 1953 அக்டோபர் 1-இல் அமைந்தது 'ஆந்திர மாநிலம்'. அதற்காக உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58-ஆம் நாள், 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். 'ஆந்திரப் பிரதேசம்' வேறு: ஹைதராபாத் மாநிலத்தின் தெலுங்கு பேசும் பகுதியும் சேர்ந்த பிறகு, 1956-இல் அமைந்தது. 2014-இல் பிரிந்து போனது ஏறக்குறைய அந்தப் பகுதிதான்.

இவ்வளவு மாற்றம் சுலபமாக நடப்பதற்குக் காரணம் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு. குடியரசுத் தலைவர் பரிந்துரைத்தால்தான் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவர முடியும். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்துக்கு அதை அனுப்பி, குறிப்பிட்ட காலத்துக்குள் கருத்துக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பிறகும் தெலங்கானா அமைந்தது இப்படித்தான். சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அந்த மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை; எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

நம் மாநிலத்தைப் பற்றிக் கேட்டால் நான்கு தேதிகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்துக்குப் போனது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு சேர்ந்தன. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வந்தது. 1967 ஜூலை 18-இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14-இல்தான் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. 'பெயர் எப்போது மாறியது' என்ற கேள்விக்கு 1967 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.