காவடியில் முனைவர் பட்டம்

கேள்வி: காவடி அலங்காரத்தை வைத்து வடிவமைப்பில் முனைவர் பட்டம் செய்ய முடியுமா? எனக்குக் கைவேலை வரும், எழுத வராது.
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாகச் செய்யலாம், அம்மா. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்புக்கென்றே ஒரு புலம் இருக்கிறது. படைப்பையே ஆய்வாக வைக்கும் முறையும் உண்டு. ஆனாலும் எழுத்திலிருந்து தப்ப முடியாது. காவடியோடு ஆய்வேடும் கொடுத்தாக வேண்டும்.

என் ஆய்வேட்டின் முதல் வரைவைப் புரட்டிய மேற்பார்வையாளர், "அழகு. கேள்வி எங்கே?" என்றார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 'காவடி' என்பது தலைப்புதான். தாத்தா மூங்கிலை வளைத்த இடத்தில் பேரன் பிளாஸ்டிக் குழாயை வளைத்தால், மயிலிறகு கட்டும் முடிச்சு மாறுகிறதா? இது கேள்வி.

பக்தர்களைப் பேட்டி காணப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தைப்பூசம் தப்பினால் அடுத்த தைதான்.