கழிவுச் சேற்றுக் குளத்தின் கரை கசிகிறது: எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக்கு மேல்புறம் ஒரு தனியார் தாது ஆலையின் கழிவுச் சேற்றுக் குளம் உள்ளது. மண் கரை சுமார் 16 மீட்டர் உயரம். இரண்டு முறை உயர்த்திவிட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பின் கரையடியில் கலங்கலாக நீர் கசிகிறது. கேட்டால், சான்று இருக்கிறது என்கிறார்கள். அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் செய்யலாமா?

பதில்: 15 மீட்டரைத் தாண்டிய அணை 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்பது சரிதான். ஆனால் அச்சட்டம் 'அணை' என்பது ஆற்றின் அல்லது துணையாற்றின் குறுக்கே கட்டியதை. மேட்டில் நான்கு பக்கமும் கரை கட்டிய குளம் அதில் அடங்குவது கடினம். கிராம வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள். கரைக்கு அடியில் ஓடைப் புறம்போக்கு இருந்தால் வாதாட இடமுண்டு. ஆக்கிரமிப்பு வழக்கும் சேரும்.

கசிவில் தெளிந்த நீர் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கல் வந்தால் கரைக்குள் இருக்கும் மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள், அது ஆபத்து. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள், அடியில் வண்டல் படியும். உங்கள் நிலத்தில் நின்றே தேதியுடன் படம் எடுங்கள், வேலி தாண்டாதீர்கள். கிணற்று நீரையும் இப்போதே பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள்.

கலங்கல் நீரைப் பிடித்த அன்றைக்கே ஆட்சியருக்கு மனு கொடுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். நகல்கள் கோட்டாட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி பொதுத்தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போட கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. நீர்மட்டத்தைக் குறைக்கவும், புதிய சேறு விடுவதை நிறுத்தவும் கேளுங்கள். 'நடவடிக்கை எடுக்கவும்' என்று மொட்டையாக எழுதினால் கோப்பில் தூங்கும்.

கூடவே வாரியத்திடம் தகவல் உரிமை மனு. ஆலை இயங்க வாரியம் தந்த இசைவாணையில் அனுமதித்த கரை உயரம், வடிவமைப்பு வரைபடம், நிலைத்தன்மை ஆய்வு, கரைக்குள் உள்ள நீர்மட்டக் குழாய்களின் அளவீடுகள், மழைநீர் நிரம்பி வழியாதபடி குளத்தின் மேல்மட்டத்தில் விட்டிருக்கும் வெற்றிடம் ஆகியவற்றைக் கேளுங்கள். தனியார் ஆவணமானாலும் வாரியம் சட்டப்படி பெறக்கூடியது தகவல்தான். உயிர் சார்ந்தது என்று காரணத்துடன் எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். அனுமதி 12 மீட்டருக்கு இருந்து கரை 16 ஆகியிருந்தால், அதைவிட நல்ல ஆயுதம் உங்களுக்குக் கிடைக்காது.

எப்படி உயர்த்தினார்கள் என்பதையும் கேளுங்கள். உள்பக்கமாக, படிந்த சேற்றின் மேலேயே மண் போட்டு உயர்த்தும் முறை செலவு குறைந்தது, ஆனால் அடித்தளமே ஈரச் சேறு. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 உயிர்களைக் கொண்டுபோனது அப்படி உயர்த்திய கரைதான். அதற்கும் நிலைத்தன்மைச் சான்று இருந்தது.

இதற்கும் அசையாவிட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. தடுப்பு நடவடிக்கை கோர, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதனால் கசிவை முதலில் பார்த்த தேதியை மனுவில் குறிப்பிடுங்கள். இழப்பீடு கோர 5 ஆண்டுகள். கோரும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். விபத்தால் சேதம் என்றால் நிறுவனத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

பயிர்ச் சேதத்துக்கென்று சிறு தொகை தந்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.