கிணறு எப்போது கரித்தது?

அன்புள்ள ஐயா,

காவிரி டெல்டாவின் தலைஞாயிறு கடைமடை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாத்தாவும் அந்தப் பக்கம்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே சிங்கப்பூருக்கு வந்தவர். போன டிசம்பரில் ஊருக்குப் போனேன். அவர் நெல் விளைந்ததாகச் சொன்ன இடத்தில் இறால் குட்டை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. கடல் ஏறுவது இயற்கை, யாரைக் குறைசொல்வது என்கிறார் மாமா. சரிதானா?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சொன்னதில் பாதி சரி. டெல்டா மண் சும்மா கிடந்தாலே தாழும். ஈர வண்டல் தன் பாரத்திலேயே அமுங்கி இறுகும். வெள்ளம் கொண்டுவந்து போட்ட புது வண்டல்தான் அதை ஈடுகட்டியது. ஆறும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சொந்த வண்டலால் படுகை மேடானால் பள்ளம் பார்த்துப் போய்விடும். காவிரிக்கு அந்தப் பள்ளம் அதன் கிளையான கொள்ளிடம்.

அந்த ஓட்டத்தை மறித்ததுதான் கல்லணை. (நாம் அதன் வயதைப் பேசும் அளவுக்கு வேலையைப் பேசுவதில்லை.) கொள்ளிடத்தில் விழப் பார்த்த தண்ணீரைத் தஞ்சைப் பக்கம் தள்ளியது. பிறகும் கொள்ளிடம் ஆழமாகி, காவிரி தூர்ந்துகொண்டே போனதால் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் கொள்ளிட மதகுகள் சில அடித்துக்கொண்டு போயின. உங்கள் தாத்தாவின் வயலே ஆற்றோடு மல்லுக்கட்டி வாங்கிய வயல்தான்.

1934இல் வந்த மேட்டூர் அணை வேறு ரகம். ஜூன் 12 என்று நாள் குறித்துத் தண்ணீரைத் திறக்கிறோம்; வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே மிஞ்சிய மணலையும் கொள்ளிடத்தில் லாரி லாரியாக அள்ளினோம். ஆற்று மணல் நல்ல தண்ணீரைப் பிடித்துவைக்கும். அது போனால் உப்பு உள்ளே வரும். போதாக்குறைக்கு இறால் குட்டைகள். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் போன டிசம்பரில் பார்த்தது அதற்குப் பிந்திய காட்சி.

இங்கே உட்கார்ந்து ஊர் மணல்காரர்களைத் திட்டவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து ஈஸ்ட் கோஸ்டை நிரப்பியது பெரும்பாலும் பெடோக் பக்கத்துக் குன்று மண். பிந்திய நிலமீட்புக்கோ அக்கம்பக்கத்து நாடுகளின் மணல் வந்தது. மலேசியா 1997இலும் இந்தோனீசியா 2007இலும் கம்போடியா 2017இலும் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. கம்போடிய மணல் கோ கொங் கழிமுகத்தில் தோண்டியது. நண்டு குறைந்துவிட்டதென்று அங்குள்ள மீனவர்கள் முறையிட்டார்கள். அவர்களிடம் போய் இயற்கை என்று சொல்ல முடியுமா?

மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: கிணறு கரிக்கத் தொடங்கியது குட்டை வெட்டுவதற்கு முன்பா, பின்பா? பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.