பகடையைச் சந்தேகிக்கும் முன் கியூபைப் பாருங்க

வணக்கம் நண்பரே. இணையத்துல பணம் கட்டி ஆடுற பேக்கேமன்ல (ரெண்டு பேர் பகடை உருட்டிக் காய் நகர்த்துற ஆட்டம்) ஒரே வாரத்துல 140 பவுண்ட் போச்சு, எதிராளிக்கு வேணுங்கறப்போ எல்லாம் டபுள் (ரெண்டு பகடையிலயும் ஒரே எண்) விழுது, தளம் பகடையில கை வைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. யார் ஜெயிச்சாலும் தளத்துக்குக் கமிஷன் வந்துடும்.

வெட்டுப்பட்ட எதிராளி காய் திரும்ப நுழையற ஆறு வீட்டுல நீங்க அஞ்சை அடைச்சாலும், அது 36 வீச்சுல 11-ல உள்ளே வந்துரும். அந்த 11 தான் மனசுல குத்திக்கிட்டே இருக்கும், மத்த 25 ஞாபகமே இருக்காது!

"எதிராளி கியூபை நீட்டினா உடனே விட்டுடுவேன்"னு போற போக்குல சொன்னீங்களே, ஓட்டை அங்கதான். கியூப்ங்கறது பந்தயத்தை இரட்டிக்கிற கட்டை. எதிராளி அதை நீட்டினா, இரட்டிப்புப் பந்தயத்துக்கு ஒத்துக்கிட்டு ஆடணும், இல்லேன்னா அப்போ இருக்கிற பந்தயத்தைக் கொடுத்துட்டு ஆட்டத்தை விட்டுடணும். ஒரு பவுண்ட் ஆட்டம்னு வைங்க. நாலு தடவை விட்டா 4 பவுண்ட் போகும். நாலையும் ஏத்துக்கிட்டு ஒண்ணு மட்டும் ஜெயிச்சா? மூணுல 6 போய், ஒண்ணுல 2 வரும். நஷ்டம் அதே 4. அதனால ஜெயிக்க 25 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருந்தா துணிஞ்சு எடுங்க. (ஒரு காயைக்கூட வெளியேத்தாம தோத்தா இரண்டு மடங்கு போகும். அந்த ஆபத்து இருந்தா கணக்கு மாறும்.) ஏத்துக்கிட்ட பிறகு கியூப் உங்க கையில, அடுத்து இரட்டிக்கிற உரிமை உங்களுக்கு மட்டும்தான்.

ஆடின ஆட்டங்களை இறக்கி, குனூ பேக்கேமன்ங்கற அலசல் மென்பொருள்ல போடுங்க, இலவசம்தான். உங்க தப்பையும் பகடை அதிர்ஷ்டத்தையும் தனித்தனியா காட்டும். எனக்குப் பகடையை விட, எதிராளி பக்கத்துல இதே மாதிரி மென்பொருளைத் திறந்து வச்சு ஆடுறாரோங்கறதுதான் சந்தேகம். உங்க ஆட்டங்களை அலசிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் புதுசா பணம் போடாதீங்க.