குடலின் கடைசி வரை போகாத செல்கள்

கேள்வி: புதுச்சேரியில் என் தங்கைக்குப் பிறந்த குழந்தை இரண்டு நாளாகியும் முதல் மலம் கழிக்கவில்லை. குடலின் கடைப்பகுதிக்கு நரம்பு செல்கள் வந்து சேரவில்லை என்று கூறி அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? தங்கை எதையோ சாப்பிட்டதால்தான் இப்படி ஆயிற்று என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் உங்கள் தங்கையின் மனம் ஆறட்டும். ஹிர்ஷ்ஸ்பிரங் எனப்படும் இந்தக் குறை ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. இதில் பெரும்பங்கு மரபணுக்களுடையது, குறிப்பாக ரெட் என்ற மரபணுவுடையது. அவர் உண்ட உணவின் மீது பழி போடுவது நியாயமன்று.

கருவின் மூன்றாம் வாரத்தில், எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து வந்த மேற்படலத்தின் நடுப்பகுதி, கோரைப்பாயின் இரு ஓரங்களையும் தூக்கிச் சுருட்டுவது போலக் குழலாகிறது. மூளையும் தண்டுவடமும் அந்தக் குழலிலிருந்து உருவாகின்றன. குழலாகும் பகுதியும் தோலாகும் பகுதியும் சந்திக்கும் விளிம்பில் இருப்பவையே நரம்பு முகட்டு செல்கள். பிஎம்பி என்ற புரதச் சமிக்ஞை மிகுந்த இடம் தோலாகிறது, குறைந்த இடம் மூளையாகிறது. நடுத்தர அளவோடு விண்ட் என்ற சமிக்ஞையும் சேரும் விளிம்பில்தான் பேக்ஸ்7, சாக்ஸ்10 முதலிய மரபணுக்கள் விழித்து இந்தச் செல்களை உருவாக்குகின்றன. பிறகு அவை அக்கம்பக்கத்துப் பிடிப்பை விட்டுப் புறப்பட்டு, முக எலும்பு, தோலுக்கு நிறம் தரும் செல், குடல் நரம்பு எனப் பலவாகின்றன. கோழிக் கருவில் இவற்றை 1868-இல் முதலில் கண்டவர் வில்ஹெல்ம் ஹிஸ்.

குடலுக்குரியவை பெரும்பாலும் பிடரிப் பகுதியிலிருந்து நான்காம் வாரத்தில் கிளம்பி, மேலிருந்து கீழாக நகர்ந்து, ஏழாம் வாரவாக்கில் மலக்குடலை எட்டுகின்றன. வழியில் நின்றுவிட்டால் எப்போதும் கடைசிப் பகுதியே வெறுமையாகிறது. அங்கே குடல் தளராமல் இறுகிக் கிடப்பதால் மலம் நகர்வதில்லை.

ஆய்வகத்தில் மனித ஸ்டெம் செல்லுக்கு விண்ட் சமிக்ஞையைத் தூண்டும் மருந்தை அளவறிந்து கொடுத்து, இதே பாதையில் நரம்பு முகட்டு செல்லாக மாற்றுகிறார்கள். அப்படி உருவாக்கியவை இந்நோயுள்ள எலிகளின் குடலில் பரவி அவற்றைப் பிழைக்க வைத்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. குழந்தைகளுக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. ஆகவே ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுத்துவிட வேண்டாம். அறுவைக்குப் பின்னரும் குழந்தைக்கு வயிறு உப்பி, காய்ச்சலுடன் துர்நாற்றமுள்ள பேதி கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.