டிவிஷன் பெயர் அதேதான், எல்லை அதேதானா?

கேள்வி: இங்கிலாந்தில், கென்ட் கவுண்டியின் (பல மாவட்டங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) ஒரு கிராமத்தில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் கவுண்டி டிவிஷனின், அதாவது கவுண்டி கவுன்சில் தேர்தலுக்கான தொகுதியின், தேர்தல் வரலாற்றை ஊர்ச் செய்திமடலுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 2013-ல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று கேட்ட யூகிப் கட்சி ஜெயித்தது. 2017-ல் கன்சர்வேடிவ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது, லேபருக்கு டெபாசிட் போயிற்று. 2025-ல் ரிஃபார்ம் கட்சி. மக்கள் இப்படி மாறி மாறிப் போட்டதற்கு என்ன காரணம்? பழைய கணக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?

பதில்: காரணம் தேடுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். 2013-ல் இருந்த டிவிஷனும் 2017-ல் இருந்த டிவிஷனும் ஒன்றுதானா? கென்ட் கவுன்சிலில் 2013 வரை 84 இடங்கள். 2017 தேர்தலுக்கு எல்லைகளைத் திருத்தி 81 ஆக்கினார்கள். பெயர் பல இடங்களில் அப்படியே நின்றது. உள்ளே இருந்த கிராமங்கள் இடம் மாறின. ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வாக்காளர்கள் இருக்க வேண்டும் என்பது எல்லை ஆணையத்தின் முதல் கணக்கு. பக்கத்து டவுனின் ஓரத்தில் புதிதாக நானூறு வீடு முளைத்தால், அதற்கு ஈடுகட்ட ஏதோ ஒரு கிராமத்தைப் பக்கத்து டிவிஷனுக்குத் தள்ளுவார்கள். எல்லை மாற்ற உத்தரவோடு வரைபடமும் இருக்கும். பழையதையும் புதியதையும் எடுத்துவைத்து, எந்தெந்த பாரிஷ் (கிராம அளவிலான நிர்வாகப் பகுதி) உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த பாரிஷும் மாறவில்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாறியிருந்தால், 2013-க்கும் 2017-க்கும் நடுவே அட்டவணையில் ஒரு கோடு போட்டுவிட்டு, ‘புதிய எல்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ‘இத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது’ என்று கணக்குப் போடக் கூடாது. இந்த மாதிரிக் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான்.

அடுத்தது அலை. 2013-ல் யூகிப் கென்ட்டில் 17 இடம் பிடித்தது. 2017-ல் அதற்கு அங்கே ஒரு இடம்கூட இல்லை; கன்சர்வேடிவ் 67. நடுவில் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்து, அந்தக் கட்சி கேட்டது கிடைத்துவிட்டிருந்தது. 2025-ல் ரிஃபார்ம் 57 இடங்களோடு வந்தது. 1997 முதல் கென்ட்டை ஆண்ட கன்சர்வேடிவ் ஐந்துக்கு இறங்கியது. அதனால் உங்கள் ஊரில் நடந்ததற்கெல்லாம் உள்ளூர்க் காரணம் தேடிக் களைத்துப்போக வேண்டாம். கவுண்டி முழுக்கப் போன திசையில் உங்கள் டிவிஷனும் போயிருந்தால் அது செய்தியே இல்லை. மொத்தக் கவுண்டியும் ஒரு பக்கம் சாய்ந்தபோது உங்கள் டிவிஷன் மட்டும் அசையாமல் நின்ற வருடம் ஏதாவது இருந்தால், அதைத் தோண்டுங்கள்.

தேர்தல் நாளும் கணக்கைக் குழப்பும். 1973-லிருந்து நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்தத் தேர்தல் 1997, 2001, 2005 மூன்று தடவையும் நாடாளுமன்றத் தேர்தலோடு ஒரே நாளில் வந்தது. 2001-ல் கால்நடைக்கு வந்த கோமாரி நோயால் மே மாதத் தேர்தலை ஜூன் 7-க்குத் தள்ளினார்கள். தனியாக நடந்தால் மூன்றில் ஒருவர் ஓட்டுப் போடுவதே பெரிய விஷயம். நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்தால் கூட்டம் இரண்டு மடங்கு. பேச்சுக்கு 7,000 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். 1993-ல் 2,500 ஓட்டு விழுந்து, அதில் ஒரு கட்சிக்கு 1,000. 1997-ல் 5,000 விழுந்து, அதே கட்சிக்கு 1,900. ஓட்டு கிட்டத்தட்ட இரட்டிப்பு, பங்கோ 40 சதவீதத்திலிருந்து 38-க்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கை, சதவீதம், வாக்குப்பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

டெபாசிட் விஷயம். நம் ஊர்ப் பழக்கம் விடாது! பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 500 பவுண்ட் கட்ட வேண்டும். ஐந்து சதவீதம் வாங்காவிட்டால் அது போகும். கவுண்டி கவுன்சிலுக்கு டெபாசிட்டே கிடையாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கணக்கு எங்கே கிடைக்கும் என்றால், அண்மைத் தேர்தல்களுக்குக் கவுண்டி கவுன்சில் இணையதளமும், ஓட்டு எண்ணும் வேலையைக் கவனிக்கும் மாவட்டக் கவுன்சில் இணையதளமும் போதும். 1973 முதல் உள்ள பழைய முடிவுகளை பிளிமத் பல்கலைக்கழகத்தின் தேர்தல் மையத்தில் காலின் ராலிங்ஸ், மைக்கேல் திராஷர் இருவரும் டிவிஷன் வாரியாகத் தொகுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் மெய்ட்ஸ்டோனில் உள்ள கென்ட் வரலாற்று, நூலக மையத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்ட வேண்டும். கவுண்டி கவுன்சில்களுக்கு முதல் தேர்தல் 1889 ஜனவரியில். பழைய காலத்துக் கிராம டிவிஷன்களில் போட்டியே இல்லாமல் பண்ணையார் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொள்வது சாதாரணம். அந்த வருடத்துக்கு ஓட்டுக் கணக்கு கிடைக்கவில்லையே என்று தேடாதீர்கள். ‘போட்டியின்றி’ என்று எழுதினால் சரி. நடுவில் யாராவது ராஜினாமா செய்தோ காலமாகியோ இடைத்தேர்தல் வந்ததா என்றும் பாருங்கள். அடுத்த கவுண்டித் தேர்தலில் திடீரென்று ஒரு புதுப் பெயர் நின்றால் அதற்கு விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

‘எங்கள் கிராமம் மட்டும் எப்படிப் போட்டது?’ என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தலுக்குப் பூத் வாரியாகப் படிவம் 20 கிடைக்கிற மாதிரி இங்கே கிடைக்காது. பெட்டியைத் திறந்து சீட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்ததும் எல்லாவற்றையும் கலந்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சரிபார்ப்பு நடக்கும் சில நிமிடங்களில், மேஜைக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, கண்ணில் படும் சீட்டுகளை நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று கிழித்துக் கணக்கெடுப்பார்கள். அது உத்தேசக் கணக்குதான், அதிகாரப்பூர்வமானதல்ல. அச்சில் போட்டால் அப்படிச் சொல்லியே போடுங்கள். உங்கள் ஊரில் நாற்பது வருடமாகக் கட்சி வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் ஒரு சாயங்காலம் போய்ப் பேசிப் பாருங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப்போட அவர்களுக்கு மனசு வராது.