கோல்ஃப் கேள்வி-பதில்: பிளேடா, கேவிட்டி பேக்கா?

கேள்வி: என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையின் அளவு; குறையக் குறைய நல்லது) 18. இதுவரை ஆடியதெல்லாம் கேவிட்டி பேக் அயர்ன்தான் (தலையின் முதுகைக் குடைந்த இரும்புக் கிளப்; குடையாதது பிளேடு). "பிளேடுக்கு மாறு, அடி தானாகச் சீராகும்" என்கிறார் கூட ஆடும் நண்பர். பயிற்சியாளரோ "அந்தப் பக்கமே போகாதே" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், கோவை

பதில்: இருவரையும் விடுங்கள். உங்கள் 7-ம் நம்பர் அயர்னின் முகத்தைக் கேளுங்கள். ஒயிட்போர்டில் எழுதும் மார்க்கர் ஒன்று போதும். முகம் முழுக்க லேசாகப் பூசி, புல்லில் கிடக்கும் பந்தை அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் மை போயிருக்கும். கைபேசியில் ஒரு படம், ஒரு துடைப்பு, மறுபடி பூச்சு. இப்படி 20 பந்து. உடம்பு சூடாகும் வரையிலான முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பயிற்சி ரேஞ்சில் உள்ள ரப்பர் பாயில் இதைச் செய்யாதீர்கள். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே தரையில் மோதினாலும், பாயில் கிளப் வழுக்கிப் போய் பந்தைச் சுத்தமாக எடுத்ததுபோல் காட்டிவிடும். புல்தரை பொய் சொல்லாது.

மிஞ்சிய 15 தடங்களைப் பாருங்கள். பத்துக்கு மேல் ஒரு ரூபாய் நாணய வட்டத்துக்குள் அடங்கினால் பிளேடைப் பற்றி யோசிக்கலாம். டோ (தலையின் நுனி) பக்கமும் ஹீல் (தண்டை ஒட்டிய ஓரம்) பக்கமும் சிதறியிருந்தால் கேவிட்டிதான். எல்லாம் கீழ் விளிம்பை ஒட்டி, முதல் இரண்டு கோடுகளுக்குள் இருந்தாலும் கேவிட்டிதான். 18 ஹேண்டிகேப்காரர்களிடம் அதிகம் காண்பது இந்தக் கடைசி வகை.

காரணம் எளிது. பிளேடு என்பது கிட்டத்தட்ட ஒரே இரும்புத் துண்டு. எடை முகத்தின் நடுவுக்குப் பின்னால் குவிந்திருக்கும். கேவிட்டியில் முதுகைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்கும் அடிப்பாகத்துக்கும் தள்ளியிருப்பார்கள். கழைக்கூத்தாடி கையில் நீளக் கழியோடு கயிற்றில் நடப்பதும் இதே கணக்குதான்: எடை நடுவை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதைத் திருப்புவது கடினம். டோவில் அரை அங்குலம் தள்ளிப் பட்டால் பிளேடின் தலை சட்டென்று திரும்பும், பந்தின் வேகம் செத்துவிடும். கேவிட்டியின் தலை அவ்வளவு திரும்பாது. கீழே பட்ட பந்துக்கு உதவுவது இன்னொரு விஷயம்: கேவிட்டியின் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் பந்து ஓரளவாவது மேலே எழும். பிளேடில் அதே அடி முழங்கால் உயரத்தில் ஓடி மணல் பங்கருக்குள் போய் நிற்கும்.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. தப்பாகப் பட்டதை பிளேடு கையில் உடனே சொல்லும். ஆனால் ஏன் தப்பாகப் பட்டது என்று சொல்லாது; அதைச் சொல்லப் பயிற்சியாளர் வேண்டும். இன்னொன்று: முகம் திறந்தபடி வந்து வலப்பக்கம் வளையும் பந்தை எந்தக் கேவிட்டியும் நேராக்காது. விற்பவர் அப்படிச் சொன்னால் கடையை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய பிளேடு செட்டில் என் 7 அயர்ன் 140 கஜம். புது கேவிட்டி செட்டின் 7 அயர்ன் 155 போகிறது. இது போதாதா, எது மேல் என்று முடிவு செய்ய?
— வாசகர், சென்னை

பதில்: போதாது. அடிப்பாகத்தில் பொறித்த எண்ணை மறந்துவிட்டு லாஃப்ட் கோணத்தை, அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவைப் பாருங்கள். வழக்கமான பிளேடு செட்டில் 7 அயர்ன் 34 டிகிரி, 6 அயர்ன் 30, 5 அயர்ன் 27 அல்லது 26. தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்கென வரும் கேவிட்டி செட்டுகளில் 7 அயர்னே 28 அல்லது 29 டிகிரிதான். ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) கால் அங்குலமாவது நீளமாக இருக்கும். அதாவது நீங்கள் அடித்தது 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட ஒரு கிளப்பை. 15 கஜம் கூடியதில் கேவிட்டியின் பங்கு கொஞ்சம், கோணத்தின் பங்கு நிறைய.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஈர்ப்பு மையம் தாழ்ந்ததால் பந்து தேவைக்கு மேல் உயரும். அதைச் சரிக்கட்டக் கோணத்தைக் குறைக்கிறார்கள். ஆனால் விளைவு இரண்டு இடத்தில் வந்து நிற்கும்.

ஒன்று, கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) பந்து நிற்பது. லாஞ்ச் மானிட்டரில் (பந்து போகும் விதத்தை அளக்கும் கருவி) அடிக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காமல், பந்து இறங்கும் கோணத்தையும் கேளுங்கள். 45 டிகிரிக்கு மேல் என்றால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். 38, 40 என்றால் கெட்டித் தரையில் கிரீனைத் தாண்டி ஓடும். ஸ்விங் வேகம் குறைவானவர்களுக்கு 28 டிகிரி 7 அயர்னில் இந்தத் தொல்லை நிச்சயம் உண்டு. கூடிய 15 கஜம் கிரீனுக்குப் பின்னால் கிடந்தால் என்ன லாபம்?

இரண்டு, வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான, சாய்வு அதிகமான கிளப்) பக்கம் விழும் ஓட்டை. இந்தச் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 13 டிகிரி காலி. ஒரு டிகிரிக்கு மூன்று கஜம் என்று தோராயமாகக் கொண்டாலும், 80 முதல் 120 கஜம் வரை கையில் கிளப்பே இல்லை. அமெச்சூர்கள் அதிகம் நிற்பதோ அங்கேதான். 48, 52 என இரண்டு வெட்ஜ் சேருங்கள். மொத்தம் 14 கிளப் என்ற வரம்பு இடித்தால் 4 அயர்னை வெளியே எடுத்துவிடுங்கள். பையில் 22, 23 டிகிரி ஹைப்ரிட் (நீள அயர்னுக்குப் பதிலான, தலை பருத்த கிளப்) இருந்தால் அது அதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும்.

இரண்டு செட்டை ஒப்பிட வேண்டுமானால் ஒரே லாஃப்ட், ஒரே பந்து, ஒரே நாள். மற்றதெல்லாம் வியாபாரம்.

கேள்வி: ஃபோர்ஜ்டு என்று போட்டிருந்தால் பிளேடு, இல்லாவிட்டால் கேவிட்டி. சரிதானே?
— வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஒன்று செய்முறை, மற்றது வடிவம். ஃபோர்ஜிங் என்பது பழுக்கக் காய்ச்சிய மென்கார்பன் எஃகுத் தண்டை அச்சில் வைத்து அடித்து உருவாக்குவது. காஸ்டிங் என்பது மெழுகில் உரு செய்து, மேலே பூச்சுக் கொடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் எஃகை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் அடிப்படையில் இதே வழிதான். சிக்கலான குடைவுகளை அடித்து எடுப்பதைவிட வார்ப்பது சுலபம். அதனால்தான் கேவிட்டியும் காஸ்டிங்கும் கைகோத்தே வளர்ந்தன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-ல் பிங் நிறுவனத்தைத் தொடங்கினார். எடையை ஓரங்களுக்குத் தள்ளும் அந்த யோசனை பரவியதில் அவர் பங்கு பெரிது. 1982-ல் வந்த பிங் ஐ2 அயர்ன்கள் இன்றும் சிலர் பையில் இருக்கின்றன.

இன்றைக்கு ஃபோர்ஜ் செய்த கேவிட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. "ஃபோர்ஜ்டு என்றால் வெண்ணெய் மாதிரி" என்பார்கள். அந்த உணர்வில் பெரும்பகுதி காதில் விழும் ஓசை. பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொண்டு இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.

உருப்படியான வித்தியாசம் ஒன்று உண்டு: மென்கார்பன் எஃகை ஃபிட்டர் (கிளப்பை ஆளுக்கேற்பச் சரிசெய்பவர்) தன் கருவியில் வைத்து லையையும் (கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் சாயும் கோணம்) லாஃப்டையும் பயமில்லாமல் வளைக்கலாம். கடினமான வார்ப்பு ஸ்டெயின்லெஸ் எஃகில் ஓரிரு டிகிரிக்கு மேல் போனால் ஹோசல் (ஷாஃப்ட் நுழையும் கழுத்து) விரிசல் விடலாம். வாங்கும் முன்பே லை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மைதானம் கோடையில் சிமென்ட், ஐப்பசியில் சேறு. இதற்கும் அயர்ன் தேர்வுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், சென்னை

பதில்: நிறைய உண்டு. பலர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். பிளேடின் சோல் (தரையில் படும் அடிப்பாகம்) ஒல்லி. கேவிட்டியின் சோல் அகலம். ஈரத் தரையில் பந்துக்குப் பின்னால் இறங்கினால் ஒல்லியான சோல் மண்வெட்டி மாதிரி உள்ளே போய்விடும். பந்து இருபது கஜம், புல்கட்டி முப்பது கஜம். அகலமான சோல் மேலேயே வழுக்கிப் பந்தை எப்படியாவது எடுத்துவிடும்.

கோடையில் கதை மாறும். புல் காய்ந்து வெறுந்தரை தெரியும் இடத்தில், மிக அகலமான சோல் தரையில் பட்டுத் துள்ளும். முன்விளிம்பு பந்தின் வயிற்றில் மோதும். பந்து சீறிக்கொண்டு கிரீனைத் தாண்டும். பிளேடு இங்கே சுத்தமாக எடுக்கும், ஆனால் இம்மிப் பிசகும் கூடாது. ஆகவே இரண்டு பருவத்திலும் ஒரே செட்டோடு ஆடுபவர்களுக்கு எங்கள் சிபாரிசு நடுத்தர சோல் உள்ள கேவிட்டி. முன்விளிம்பும் பின்விளிம்பும் சற்றே இழைத்து விடப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. சோலைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தடவினாலே தெரியும்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. ஃபோர்ஜ்டு அயர்னில் குரோம் பூச்சு தேய்ந்த இடத்தில் கடற்காற்று துருவைக் கொண்டுவந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, கோடுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். ஈர உறையை மாட்டிப் பைக்குள் பூட்டி வைப்பதுதான் மிகப் பெரிய தவறு.

கேள்வி: ஊட்டியில் ஆடும்போது எல்லா அயர்னும் நீளமாகப் போகிறது. கேவிட்டியின் குணமா?
— வாசகர், மதுரை

பதில்: காற்றின் குணம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று லேசு. 150 கஜம் 160-ஐத் தாண்டும். ஒரு கிளப் குறைத்து எடுங்கள்: 7 அயர்னுக்குப் பதில் 8.

கேள்வி: கேவிட்டியை வைத்து நின்றால் முகம் கழுத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பது கண்ணை உறுத்துகிறது. அது எதற்கு?
— வாசகி, பெங்களூரு

பதில்: அதற்குப் பெயர் ஆஃப்செட். ஹோசலைவிட முகம் சில மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தால், முகம் நேராகத் திரும்ப நொடியில் ஒரு துளி கூடுதல் நேரம் கிடைக்கும். வலப்பக்கம் வளைத்து அடிக்கும் வலக்கைக்காரர்களுக்குச் சிறு உதவி. ஏற்கெனவே பந்தை இடப்பக்கம் இழுத்து அடிப்பவர் நீங்கள் என்றால் அதுவே உபத்திரவம். அப்படிப்பட்டவர்கள் பிளேடுக்குத் தாவ வேண்டியதில்லை. ஆஃப்செட் குறைந்த, தலை சிறுத்த கேவிட்டிகள் தனியாக வருகின்றன. சுற்றுப்போட்டித் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலரும் ஆடுவது அந்த வகையைத்தான். கண்ணுக்குப் பிடிக்காத கிளப்போடு நின்றால் கை இறுகும். எனவே உங்கள் உறுத்தலை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி: நீள அயர்ன் கேவிட்டி, குட்டை அயர்ன் பிளேடு என்று கலந்து வாங்கலாமா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: நல்ல யோசனை. முதல் பதிலில் சொன்ன மார்க்கர் சோதனையில் தடங்கள் நாணயத்துக்குள் அடங்குகிறவர்களுக்குப் பொருந்தும். 4, 5, 6 கேவிட்டி. 7-லிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை பிளேடு. கவனிக்க வேண்டியது தையல் விழும் இடம். 6 அயர்ன் கேவிட்டி 26 டிகிரியும் 7 அயர்ன் பிளேடு 34 டிகிரியும் என்றால் நடுவில் இரண்டு கிளப் இடைவெளி திறந்துவிடும். நீள அயர்ன்களில் மூன்று, குட்டையில் நான்கு டிகிரி என்ற வரிசை வரும்படி தேர்ந்தெடுத்து, குறையை ஃபிட்டரிடம் வளைத்துச் சரிசெய்யுங்கள். ஷாஃப்ட் இரண்டுக்கும் ஒரே மாடல், ஒரே எடை. ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்துச் செட்டுகள் என்றால் தலைவலி பாதியாகும்.

கேள்வி: வயது 63. தலை எதுவானாலும் பந்து எழவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், கொழும்பு

பதில்: தலையை விட்டு ஷாஃப்டைப் பாருங்கள். பிளேடு செட்டுகளில் பெரும்பாலும் 120 முதல் 130 கிராம் எஃகு ஷாஃப்ட் இருக்கும். உங்களுக்கு 60 முதல் 70 கிராம் கிராஃபைட், சீனியர் அல்லது ரெகுலர் ஃபிளெக்ஸ் (தண்டு வளையும் அளவு). தலை அகலமான கேவிட்டி. ஆனால் 7 அயர்ன் 30 டிகிரிக்குக் குறையாததாகத் தேடுங்கள். 5 அயர்னும் அதைவிட நீளமானவையும் வேண்டாம், ஹைப்ரிட் போதும். முழங்கை வலி இருந்தால் அதற்கும் கிராஃபைட் இதமாக இருக்கும்.

கேள்வி: பழைய பிளேடு செட் ஒன்று மலிவாக வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகர், சேலம்

பதில்: முதலில் 8, 9 அயர்ன்களின் முகம், அதிகம் தேய்வது அவைதான். கோடுகளின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், மாட்ட வேண்டும். தலையைப் பிடித்துக்கொண்டு கிரிப்பை முறுக்குங்கள்; இம்மி அசைந்தாலும் பசை விட்டிருக்கிறது. வெயிலில் நிறுத்திய கார் டிக்கியிலேயே வாழ்ந்த செட்டுகளில் இது சகஜம். எஃகு ஷாஃப்டின் அடியில் துருப்புள்ளி இருந்தால் விலகுங்கள். எல்லாக் கிளப்பையும் சுவரில் வரிசையாகச் சாய்த்தால் நீளம் அரை அரை அங்குலமாகப் படிப்படியாக இறங்க வேண்டும். எங்காவது குதித்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். கிரிப் இறுகிப் பளபளத்தால் எட்டு கிரிப்பின் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள், பிறகும் மலிவா என்று.

முழுச் செட் வேண்டாம் என்றால் அதில் 7 அயர்னை மட்டும் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. இடுப்பளவு பின்னுயர்த்தி, இடுப்பளவு முடித்து, மார்க்கர் பூசிய முகத்தோடு 30 பந்து. பிறகு உங்கள் கேவிட்டியில் 10 முழு அடி. வாரம் இரண்டு நாள். மைதானத்துக்குப் போகும்போது அந்த பிளேடை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.